இல்லக் கணினியில் நாணயம் அகழும் தொழில்: பாலாற்றங்கரைத் தோல் மண்டலத்தை முன்னிட்டு ஒரு விசாரணை

மனிதன் பூமியைத் தோண்டிப் பொன்னும் வெள்ளியும் எடுக்கத் தொடங்கிய காலம் எது என்பதில் பண்டிதர்களுக்குள் அபிப்பிராய பேதம் உண்டு. ஆனால் பூமியைத் தொடாமல், கையில் மண் படாமல், நாற்காலியை விட்டு எழுந்திருக்கவும் செய்யாமல் நாணயம் அகழ்ந்தெடுக்கும் தொழில் 2009-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 3-ஆம் தேதி தொடங்கிற்று என்பதில் எவருக்கும் ஆட்சேபமில்லை. அன்றுதான் சதோஷி நகமோட்டோ என்னும் புனைபெயருக்குள் மறைந்திருந்த ஒருவரோ பலரோ பிட்காயின் என்ற நாணயத்தின் முதல் ஏட்டைக் கட்டி முடித்தார்கள். அந்தத் தொழில் நாளடைவில் கண்டங்களைக் கடந்து, வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, வேலூர், மேல்விஷாரம், இராணிப்பேட்டை என்று பாலாற்றை ஒட்டி நீளும் தோல் மண்டலத்தின் வீடுகளுக்குள்ளும் வந்து சேர்ந்து, மேசைக்கடியில் வைத்த ஒரு பெட்டியினுள் இரவு பகலாக இரைந்துகொண்டிருக்கிறது.

வேலூருக்கு இல்லாதவற்றைக் கொண்டே அதன் பெருமையை எடுத்துரைக்கும் வழக்கு ஒன்று இந்தப் பக்கத்தில் பிரசித்தம்: நீரில்லாத ஆறு, மரமில்லாத மலை, அரசனில்லாத கோட்டை, சுவாமியில்லாத கோயில். இவற்றுள் கடைசி அம்சம், கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் 1981-இல் மறுபடி பிரதிஷ்டை செய்யப்பட்டதோடு செல்லாததாகிவிட்டபடியால், வரிசையில் ஓர் இடம் நெடுநாளாகக் காலியாக இருக்கிறது. அவ்விடத்தில் ‘பொன்னில்லாத சுரங்கம்’ என்பதை நியமிக்கலாமா என்பதே இக்கட்டுரையின் விசாரணைப் பொருள்.

தொழிலின் தத்துவத்தை முதலில் நிர்ணயித்துக்கொள்வோம். பிட்காயினில் நடக்கும் கொடுக்கல் வாங்கல்களை ஏறக்குறையப் பத்து நிமிஷத்துக்கு ஓர் ஏடாகக் கட்டி, முந்தைய ஏட்டோடு பிணைத்து வைக்கிறார்கள். அப்படிப் பிணைக்கும் உரிமையும் அதற்குரிய சன்மானமும் யாருக்கு என்பதை ஒரு போட்டியால் தீர்க்கிறார்கள். ஏட்டின் விவரங்களோடு ஏதேனும் ஓர் எண்ணைச் சேர்த்து, எஸ்.எச்.ஏ-256 என்ற கணித முறையில் இருமுறை செலுத்தினால் வேறோர் எண் வெளிவரும். அது விதிக்கப்பட்ட வரம்புக்குக் கீழே இருந்தால் வெற்றி, இல்லையேல் வேறோர் எண்ணைப் போட்டு மறுபடியும் தொடங்க வேண்டியதுதான். வெளிவந்ததைப் பார்த்து உள்ளே போனது இன்னதென்று ஊகிப்பதற்கு வழியே கிடையாது. பதனிட்டுச் சாயமேற்றி மெருகிட்ட தோலைக் கையில் கொடுத்து, ‘இதை மறுபடியும் பச்சைத் தோலாக்கிக் கொண்டு வாருங்கள்’ என்று வாணியம்பாடியில் எந்தத் தோல்ஷாப்பிலும் கேட்க முடியாதல்லவா? ஆகையால் இந்தத் தொழிலில் புத்திக்கும் சாமர்த்தியத்துக்கும் எள்ளளவும் இடமில்லை. அலுக்காமல் எண்களைப் போட்டுக்கொண்டே போகும் மூர்க்கமான விடாமுயற்சி ஒன்றுக்குத்தான் இடம். இதன் பூர்வோத்தரத்தைத் தேடிப் போனால் இன்னும் சுவாரசியம். வேண்டாத கடிதங்களைக் கணினி வழியே அள்ளிக் கொட்டுகிறவர்கள் ஒவ்வொரு கடிதத்துக்கும் ஒரு சிறு கணக்கைப் போட்டுத் தொலைக்க வேண்டும் என்று விதித்தால் கொட்டம் அடங்கும் என்று சிந்தியா டுவொர்க், மோனி நாவோர் என்னும் இருவர் 1992-இல் யோசனை சொன்னார்கள். ஆடம் பேக் என்பவர் 1997-இல் அதே நோக்கத்தோடு ஹாஷ்கேஷ் என்ற உபாயத்தைச் செய்து காட்டினார். தண்டனையாகக் கருக்கொண்ட காரியம் இருபது வருஷத்துக்குள் ஜீவனோபாயமாகிவிட்டது.

போட்டியாளர் பெருகப் பெருக வரம்பும் இறங்கிக்கொண்டே போகும். 2,016 ஏடுகளுக்கு ஒரு முறை, அதாவது ஏறத்தாழ இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை, கஷ்டத்தின் அளவு மறு நிர்ணயம் செய்யப்படுகிறது. தொடக்கத்தில் வீட்டுக் கணினியின் செயலியே ஏடுகளைக் கட்டியது; 2010-இல் வரைகலை அட்டைகள் வந்து அதைத் தள்ளின; 2013-இல் இந்த ஒரு வேலைக்கென்றே வார்த்த சில்லுகள் வந்து அவற்றையும் தள்ளின. 2024-இல் உலகத்து யந்திரங்களெல்லாம் சேர்ந்து விநாடிக்கு அறுபது கோடி லட்சம் கோடி முயற்சிகளுக்கு மேல் செய்தன. ஆம்பூரில் ஒரு வீட்டுக் கணினி விநாடிக்கு ஒரு கோடி முயற்சி செய்வதாகத் தாராளமாக ஒப்புக்கொண்டு கணக்கிட்டால், அது சராசரியாக ஓர் ஏட்டைக் கட்டி முடிக்க 114 கோடி ஆண்டுகள் ஆகும். வடாற்காட்டுக் குன்றுகளின் பழம்பாறைகளுக்கு வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டு என்பதை நினைத்துக்கொண்டால் இது அப்படியொன்றும் நீண்ட காலமல்ல; அந்தக் கணினியை உரிய காலத்தில் ஓடவிட்டிருந்தால் இதற்குள் இரண்டு ஏடுகள் கட்டியிருக்கும். ஒரே ஓர் இடையூறு, பிட்காயினின் சன்மானம் நான்கு ஆண்டுக்கு ஒரு முறை பாதியாகக் குறைந்து, 2140-ஐ ஒட்டி முற்றிலும் நின்றுவிடும் என்பது.

இங்கே பூர்வபக்ஷக்காரர் குறுக்கிடுவார்: ‘வீட்டுக் கணினியில் இன்று பிட்காயின் அகழ்கிறவன் எவன்? மோனேரோ என்று ஒன்று இருப்பதை அறியீரோ?’ அறிவோம். 2014-இல் தோன்றிய அந்த நாணயம், 2019 நவம்பர் 30-ஆம் தேதி முதல் ராண்டம்எக்ஸ் என்ற முறைக்கு மாறிற்று. அம்முறை இரண்டு ஜிபி அளவு நினைவகத்தைப் பரப்பி வைத்துக்கொண்டு சாதாரணச் செயலிக்கு மட்டுமே இயல்பாக வரக்கூடிய பலவகைக் காரியங்களை வாங்குவதால், விசேஷச் சில்லு வைத்திருக்கும் பெருந்தனக்காரனுக்கு அதில் அனுகூலமில்லை. ஏழைக்கு நியாயம் வழங்கும் உத்தேசத்தோடு செய்த ஏற்பாடு என்பதில் சந்தேகமில்லை. அந்த நியாயம் ரூபாய் அணாவில் எவ்வளவு என்பதுதான் பார்க்கத்தக்கது. இரண்டு நிமிஷத்துக்கு ஓர் ஏடாக நாளொன்றுக்கு 720 ஏடுகள், ஏட்டுக்கு 0.6 மோனேரோ வீதம் தினமும் 432 மோனேரோ உலகத்துக்கெல்லாம் பொதுவாகப் பிறக்கிறது. உலக முயற்சி விநாடிக்கு 250 கோடி என்றும், நம் கணினியின் முயற்சி நாலாயிரம் என்றும், மோனேரோ ஒன்றின் விலை 12,000 ரூபாய் என்றும் கொண்டால், நம் கணினிக்குச் சேரவேண்டிய பங்கு ஆறே கால் லட்சத்தில் ஒன்று. அதாவது நாளொன்றுக்கு எட்டு ரூபாய் சில்லறை. ஒரு டீக்குப் போதாது என்றாலும், பெட்டி தானாகச் சம்பாதித்தது என்ற கௌரவம் அதற்கு உண்டு.

செலவுப் பக்கத்தைத் திருப்புவோம். பெட்டி 150 வாட் இழுக்கிறதென்று வைத்துக்கொண்டால், நாளைக்கு 3.6 யூனிட், இரண்டு மாதத்துக்கு 216 யூனிட். தமிழ்நாட்டில் மின்சாரக் கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை எடுக்கப்படுவதும், முதல் 100 யூனிட் இலவசம் என்பதும், 500 யூனிட்டைத் தாண்டினவனுக்கு அதற்குக் கீழுள்ள படிகளின் சலுகையிலும் கை வைக்கப்படும் என்பதும் சகலரும் அறிந்த விஷயம். 2022 செப்டம்பரில் வந்த கட்டண விகிதத்தின்படி, 300 யூனிட் செலவழிக்கும் ஒரு நடுத்தரக் குடும்பம் கட்ட வேண்டியது 675 ரூபாய். அகழும் பெட்டி சேர்ந்து 516 யூனிட் ஆனதும் அது 2,078 ரூபாய் ஆகிவிடும். பதினாறே யூனிட் எல்லை தாண்டிய குற்றத்துக்கு 101 முதல் 200 வரையுள்ள யூனிட்டுகளும் இரண்டே கால் ரூபாயிலிருந்து நாலரை ரூபாய்க்கு ஏறிவிடுவதைக் கவனிக்க வேண்டும். ஆகக் கூடுதல் செலவு 1,403 ரூபாய்; வரவு அதே அறுபது நாளில் ஏறக்குறைய 500 ரூபாய். இதற்கு மேல், 2022 ஏப்ரல் முதல் இவ்வகைச் சொத்தின் ஆதாயத்துக்கு 30 சதவீதம் வருமான வரி உண்டு. அகழ்வதற்குச் செய்த ஏற்பாட்டுச் செலவை அதில் கழித்துக்கொள்ள முடியாது என்று மத்திய அரசு அவ்வாண்டு மார்ச் மாதமே பாராளுமன்றத்தில் தெளிவுபடுத்திவிட்டது. நஷ்டத்துக்கு வரி கட்டும் அரிய பாக்கியம் கிரகஸ்தனுக்கு இவ்வாறு லபிக்கிறது.

நாணயம் எட்டு ரூபாய்க்குத்தான் என்றால், இழுத்த மின்சாரமெல்லாம் எங்கே போயிற்று? பௌதிக சாஸ்திரம் இதற்கு ஒளிவு மறைவின்றி விடை சொல்கிறது: அவ்வளவும் உஷ்ணமாயிற்று. கணக்குப் போடும் சில்லு எந்தக் கணக்கைப் போட்டாலும், அது சரியானாலும் தவறானாலும், உள்ளே போன மின்சக்தி ஒரு துளியும் குறையாமல் வெப்பமாக வெளியேறிவிடும். 3.6 யூனிட் என்பது ஏறத்தாழ 3,100 கிலோகலோரி; முப்பது பாகைத் தண்ணீர் 44 லிட்டரைக் கொதி நிலைக்குக் கொண்டுவரப் போதுமான வெப்பம். ஆம்பூரில் சீரகச் சம்பா பிரியாணிக்கு உலை வைக்கிறவர்களிடம் இந்த எண்ணைக் கொடுத்தால் அவர்கள் அதை உடனே படி அரிசியாக மாற்றிச் சொல்லிவிடுவார்கள். அந்த வெப்பமோ தேக்சாவுக்குள் போகாமல் அறைக்குள் போகிறது. அதுவும் எந்த அறைக்குள்? கத்திரி வெயில் நாற்பது பாகையைத் தாண்டி, கோட்டை அகழியின் படிக்கட்டிலும் உட்கார முடியாமல் செய்யும் வேலூரில், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கடியில் உள்ள அறைக்குள். ஆகவே இதை உலோக அகழ்வு என்ற இனத்தில் சேர்ப்பதைவிட, வெப்ப உற்பத்தி என்ற இனத்தில் சேர்த்து, நாணயத்தை அதன் சொற்பமான உபபொருளாகக் கொள்வதே சாஸ்திர சம்மதம் என்பது நமது துணிபு.

இதற்கு ஆப்த வாக்கியமும் இருக்கிறது. பிட்காயினை முதன்முதல் மற்றவரிடமிருந்து பெற்றுக்கொண்டவர் ஹால் ஃபின்னி என்ற அமெரிக்கர். 2009 ஜனவரி 12-ஆம் தேதி சதோஷி அவருக்குப் பத்து நாணயம் அனுப்பினார். வீட்டுச் செயலியால் ஏடு கட்டக்கூடிய அந்தச் சத்திய யுகத்தில் ஃபின்னி சில ஏடுகளைக் கட்டியும் விட்டார். ஏட்டுக்கு ஐம்பது நாணயம். அப்புறம் நிறுத்திவிட்டார். பெட்டி சூடேறியதும், விசிறியின் சத்தம் பொறுக்காமற் போனதுமே காரணம் என்று பிற்காலத்தில் அவரே எழுதியிருக்கிறார். கலிபோர்னியாக் குளிரில் இருந்த ஆசிரியபுருஷருக்கே இந்தக் கதியானால், காட்பாடிச் சந்திப்பில் மே மாதம் ரயிலுக்கு நின்றவர்களின் நிலையை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

உஷ்ணத்துக்கும் அகழ்வுக்கும் உள்ள உறவு இந்தப் பிரதேசத்துக்குப் புதிதன்று. மேற்கே எல்லை தாண்டியவுடன் கோலார் தங்க வயல். 1880 முதல் ஜான் டெய்லர் கம்பெனியார் தோண்டிய அந்தச் சுரங்கங்களில் இறங்கியவர்களில் பெரும்பாலோர் வடாற்காடு, சேலம் ஜில்லாக்களிலிருந்து போன தமிழர்கள். காவிரியின் சிவசமுத்திர அருவியிலிருந்து 1902-இல் கம்பி இழுத்து மின்சாரம் கொண்டுவந்தது பட்டணத்துக்கு விளக்கேற்ற அல்ல, அந்தச் சுரங்கத்துக்குத்தான். பெங்களூர் நகரத்துக்கு வெளிச்சம் வந்தது பின்னால். மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஆழம் போனபோது பாறையின் வெப்பம் அறுபது பாகையைத் தாண்டிவிட்டபடியால், குளிர்காற்றைக் கீழே செலுத்துவதற்கே தனியாக யந்திரங்கள் வேண்டியிருந்தன. மேசைக்கடியிலுள்ள சில்லோ தொண்ணூறு பாகை வரை போகிறது. அவ்வகையில் ஆம்பூர் வாலிபன் கோலாரின் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தையும் மிஞ்சிவிட்டான் என்றே சொல்ல வேண்டும். கோலாரிலும் கஷ்டத்தின் அளவு ஏறிக்கொண்டே போயிற்று: ஆதியில் ஒரு டன் கல்லுக்கு நாற்பது கிராமுக்கு மேல் கிடைத்த பொன், கடைசிக் காலத்தில் நாலைந்து கிராமுக்குக் கீழே இறங்கிவிட்டது. எடுக்கும் செலவு எடுத்த பொன்னின் விலையை விஞ்சிய பிறகும் சுரங்கம் பல வருஷம் ஓடிற்று. 2001 பிப்ரவரி 28-ஆம் தேதிதான் மூடினார்கள். அத்தனை காலம் ஓடினது எப்படி என்று கேட்டால், செலவைக் கொடுத்தது தோண்டினவரல்ல, கஜானா.

இந்த விடையில்தான் நம் விசாரணையின் மர்மம் அடங்கியிருக்கிறது. வீட்டுக் கணினி அகழ்வில் லாபம் உண்டா என்று கேட்பது பிசகான கேள்வி. அகழ்கிறவனுக்கும் மின்கட்டணம் கட்டுகிறவனுக்கும் இடையே தூரம் எவ்வளவு என்பதே கேட்கத்தக்கது. தூரம் பூஜ்யமானால், அதாவது இருவரும் ஒருவரேயானால், நஷ்டம் நிச்சயம்; இப்படிப்பட்டவர் அபூர்வம், இரண்டாவது ரீடிங்கோடு ஞானம் பெற்று விலகிவிடுகிறார். தூரம் ஓர் அறையானால், அதாவது அகழ்கிறவன் மகனாகவும் கட்டுகிறவர் தகப்பனாராகவும் இருந்தால், மகனுக்கு 500 ரூபாய் முழு லாபம்; தகப்பனாருக்கு 1,403 ரூபாய். தூரம் ஒரு கட்டடமானால், அதாவது அறை வாடகையோடு மின்சாரமும் அடங்கிவிட்ட மாணவர் விடுதியானால், மனச்சாட்சிக்கும் சௌகரியம் அதிகம். ஏனெனில் கட்டுகிறவருடைய முகத்தைச் சாப்பாட்டு வேளையில் பார்க்க வேண்டிய சங்கடம் இல்லை. தூரம் ஒரு தேசமானால் தொழில் உச்சத்தை அடைகிறது. 2017 செப்டம்பரில் தோன்றிய காயின்ஹைவ் என்ற நிரல், ஓர் இணையதளத்தில் ஒளிந்துகொண்டு, அதைத் திறந்து பார்ப்பவர்களுடைய கணினிச் செயலிகளையே அவர்களுக்குத் தெரியாமல் மோனேரோ அகழ வைத்தது. கிடைத்ததில் 30 சதவீதம் நிரல்காரர்களுக்கு, மீதி அதை வைத்தவருக்கு. வேலூரிலிருந்து கூப்பிடு தூரத்திலுள்ள திருப்பதி மாநகராட்சியின் தளத்திலேயே யாரோ இதைச் செருகியிருப்பதாக 2018-இல் செய்தி வந்தது. வரி கட்டப் போன குடிமகன் தன் மின்சாரத்தில் முகமறியாத ஒருவனுக்குக் கப்பமும் கட்டிவிட்டு எழுந்திருந்தான். 2019 மார்ச்சில் காயின்ஹைவ் கடையைக் கட்டிவிட்டது. அந்தத் தத்துவம் கடையைக் கட்டவில்லை.

பாலாற்றங்கரைக்காரருக்கு இந்தத் தூர விதி சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட காலம் போய்க் குரோமியம் வந்த பிறகு, தோலின் அடக்க விலையில் ஒரு பகுதியை நெடுங்காலம் கட்டிவந்தது ஆறும், ஆற்றோரத்துக் கிணறுகளும், உப்புப் பூத்த நிலங்களுந்தான். ஒரு கிலோ தோலைப் பதனிட்டு முடிக்க ஏறக்குறைய 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்பதை உச்ச நீதிமன்றமே ஒரு தீர்ப்பில் குறித்திருக்கிறது. வேலூர் குடிமக்கள் நலப் பேரவை தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டு 28-ஆம் தேதி நீதிபதி குல்தீப் சிங் எழுதிய அத்தீர்ப்பு, மாசுபடுத்தினவனே அதன் செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாடு இந்தத் தேசத்துச் சட்டத்தின் ஓர் அங்கம் என்று நிலைநாட்டி, தோல்ஷாப்பு ஒவ்வொன்றுக்கும் பத்தாயிரம் ரூபாய் அபராதமும் விதித்தது. இன்று இந்தியாவில் எந்த மூலையில் எந்த ஆலையின் கழிவுநீரைப் பற்றி வழக்கு நடந்தாலும் வக்கீல்கள் வேலூரின் பெயரைச் சொல்லித்தான் வாதத்தைத் தொடங்குகிறார்கள். கழிவுநீரைச் சுத்திகரிக்கும் பொது நிலையங்களுக்குத் தோல்ஷாப்புக்காரர்கள் பின்னர் மின்சாரச் செலவு கட்டத் தொடங்கியபோது, தூரம் குறைந்துவிட்டது என்பதை அவர்கள் உடனே உணர்ந்தார்கள்.

உச்ச நீதிமன்றத்தில் ஸ்தாபிதமான இந்தக் கோட்பாடு, அந்த வழக்கு பிறந்த மண்டலத்தில் ஒரு வீட்டு ஹாலுக்கு மட்டும் செல்லாது என்று வாதிப்பதற்கு முகாந்தரமில்லை. நாம் அறிந்த ஓர் ஆம்பூர்க் குடும்பத்தில், ஷூ கம்பெனியில் கட்டிங் பிரிவில் வேலை பார்க்கும் தகப்பனார், ஈ.பி. அட்டையில் எழுதியிருந்த தொகையைக் கண்டதும், கோட்பாட்டின் பெயரை அறியாமலே அதைப் பிரயோகித்தார்.

“இன்னாடா இது, ராத்திரி பூரா பொட்டி கத்திகினே கீதே?”

“காசு எடுக்குது நைனா.”

“யாரு காசு?”

இந்த இரண்டு சொல்லுக்கு மேல் ஒரு நீதிபதியும் விசாரிப்பதற்கு இல்லை. அன்றிலிருந்து மகனுடைய ஐந்நூறும் தகப்பனாரின் பைக்குப் போய்விட வேண்டும், பெட்டியும் நின்றுவிட வேண்டும் என்று உத்தரவாயிற்று. உத்தரவு அமலாகாமற் போனதற்குக் காரணம், தரப்பினரல்லாத ஒருவரின் குறுக்கீடு. அது மார்கழி மாதம். இந்தப் பக்கத்தில் பகல் வெயிலுக்கு ஈடாக மார்கழி இரவும் நன்றாகக் குளிரும், அரைத்து வைத்த இட்லி மாவு காலையில் வைத்தபடியே கிடக்கும். வீட்டு அம்மாள் அந்த வருஷம் மாவுக் குண்டானைப் பெட்டியின் பின்புறம், விசிறிக் காற்று படும் இடத்தில் வைத்துப் பார்த்தார். மாவு விளிம்பு வரை பொங்கியிருந்தது. பொங்கல் வரைக்கும் பொட்டியை யாரும் தொடக்கூடாது என்று அவர் சொல்லிவிட்டார். உபயோகிப்பவர்தான் கட்ட வேண்டுமென்றால், இனி அந்தக் கரண்டுக்குக் காசு உன் சீட்டுப் பணத்திலிருந்துதான் வரவேண்டும் என்று தகப்பனார் கோட்பாட்டை இன்னொரு படி நீட்டினார். அம்மாள் தயங்கவில்லை.

“இட்லி துன்றது யாரு?”

வேளைக்கு ஆறு இட்லி வீதம் தகப்பனாரின் பாத்தியதை எத்தனை யூனிட் என்று மகன் அதே கணினியில் கணக்கெடுக்கத் தொடங்கியிருக்கிறான்.